வீட்டுப் பெட்டியில் அறிவியல் வரலாறு: வட ஆற்காட்டில் குடும்ப ஆவணங்களைக் கொண்டு ஆய்வு தொடங்குவோருக்கு

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், ஆலங்காயம் என்று பழைய வட ஆற்காட்டின் ஊர்களில், அறிவியலோடு தொடர்புடைய வேலை ஒரே வீட்டில் இரண்டு மூன்று தலைமுறைகளாகத் தொடர்ந்து வந்திருப்பது அரிய செய்தி அல்ல. தாத்தா மருத்துவமனையில் கம்பவுண்டர், அப்பா ஆய்வகத்தில் டெக்னீஷியன், அத்தை செவிலியர், பேத்தி நுண்ணுயிரியல் படித்து ஆய்வுக்குப் போனவர் என்று அமைந்த குடும்பங்களின் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் பீரோவின் அடித்தட்டுகளிலும் கடிதங்கள், சான்றிதழ்கள், கணக்கு நோட்டுகள், புகைப்படங்கள் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வழியே அறிவியலின் வரலாற்றை எப்படி எழுதலாம் என்பதை, முன்பயிற்சி இல்லாத ஒருவரும் படிப்படியாகப் பின்பற்றக்கூடிய வகையில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிவியல் குடும்பம் என்றதும் நம் நினைவுக்கு வருவது சர் சி. வி. இராமனின் குடும்பம். அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். தங்கை மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர் திரவப் படிகங்களில் பெயர் பெற்றார். மகன் இராதாகிருஷ்ணன் வானொலி வானியலாளரானார். இத்தகைய குடும்பங்களைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது, இனியும் எழுதப்படும். ஆனால் ஓர் ஆய்வு நடப்பதற்குக் கருவியைத் துடைத்து வைத்தவரும், கண்ணாடித் தகடுகளில் மாதிரி தயாரித்தவரும், இரவெல்லாம் தொலைநோக்கியின் அருகில் நின்றவரும், அவர்களை அனுப்பிவிட்டுக் குடும்பத்தைத் தாங்கியவரும் தேவைப்பட்டார்கள். அவர்களுடைய பெயர் ஆய்விதழ்களில் வருவதில்லை. நிறுவனக் கோப்புகளில் வந்தாலும் சம்பளப் பட்டியலில் ஒரு வரியாகவே வருகிறது. அவர்களைப் பற்றிய சான்று இருந்தால் அது வீட்டில்தான் இருக்கும். ஆகவே, பெரிய பெயர் இல்லாத வீடுகளிலிருந்தே தொடங்குங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை.

எந்தக் குடும்பம், என்ன கேள்வி

நம் மாவட்டத்தின் மருத்துவ வரலாற்றில் ஸ்கடர் குடும்பத்தைத் தாண்டிப் போக முடியாது. 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கும் பின்னர் சென்னைக்கும் வந்த ஜான் ஸ்கடரின் மகன்கள் 1853-இல் ஆற்காடு மிஷன் என்ற கிறிஸ்தவச் சமயப் பணி அமைப்பை நிறுவினார்கள். ஜானின் இன்னொரு மகனான சைலஸ் ஸ்கடர் 1866-இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். ஜானின் பேத்தி ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்து, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றுத் திரும்பி, 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய பணியே 1902-இல் ஷெல் மருத்துவமனையாகவும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், பிறகு இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகவும் (சி.எம்.சி.) வளர்ந்தது. இந்தக் குடும்பத்தின் தாள்கள் நன்றாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஐடாவின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன.

அதே மருத்துவமனையில் ஐடாவோடு சாலையோர வைத்தியத்துக்குக் கிராமம் கிராமமாகப் போன உதவியாளர்களின், முதல் அணிகளில் படித்து மருத்துவரான பெண்களின், செவிலியர் பள்ளியில் பயின்றவர்களின் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையை வேலூரில் வளர்த்த பால் பிராண்டும், கண் மருத்துவரான அவர் மனைவி மார்கரெட்டும் அறிவியல் தம்பதியராக உலகம் அறிந்தவர்கள். உணர்வற்ற பாதங்களில் புண் வராமல் தடுக்க மெத்தென்ற ரப்பரில் செருப்புச் செய்து, நோயாளியின் பாதத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றிப் பார்த்த கைவினைஞர்களின் வீடுகளும் இதே பகுதியில்தான் இருந்தன. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு மருத்துவமனையின் வரலாற்றில் அந்த வீடுகளுக்கும் இடம் உண்டு.

மருத்துவத்தோடு நிற்க வேண்டியதில்லை. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம், விரிஞ்சிபுரத்தின் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை, ஜவ்வாது மலையில் 1968-இல் வானைப் பார்க்கத் தொடங்கிய காவலூர் வான் ஆய்வகம், ஆம்பூர்–வாணியம்பாடித் தோல் பதனிடும் சாலைகளின் வேதியியல் கூடங்கள், பள்ளிகளில் தலைமுறைதோறும் அறிவியல் ஆசிரியரானவர்கள் என்று களம் விரிந்து கிடக்கிறது. காவலூரை நிறுவிய வைணு பாப்புவே ஒரு வானியல் வீட்டுப் பிள்ளை. அவருடைய தந்தை ஹைதராபாத்தின் நிஜாமியா வான் ஆய்வகத்தில் பணியாற்றியவர்.

குடும்பம் தெரிந்தபின் ஒரு கேள்வி வேண்டும். "இந்தக் குடும்பத்தின் வரலாறு" என்பது கேள்வி ஆகாது. அது முடிவில்லாமல் நீளும். "கம்பவுண்டரின் மகள் எப்படி ஆய்வகத்துக்குப் போனாள், அதற்கான பணம் யாரிடமிருந்து வந்தது", "கால்நடைத் தடுப்பூசி தயாரித்தவர் தன் ஊரின் மாடுகளைப் பற்றி வீட்டுக்கு என்ன எழுதினார்", "காவலூரில் இரவுப் பணி வந்தபின் அந்த வீட்டின் அன்றாடம் எப்படி மாறியது" என்பன போன்ற கேள்விகள், பெட்டியில் எதைத் தேடுவது என்பதைக் காட்டிக் கொடுக்கும். பெட்டியைத் திறந்தபின் கேள்வி மாறலாம். அதில் தவறில்லை, மாறியதைக் குறித்து வையுங்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

முதலில் அனுமதி. சொந்தக் குடும்பமாகவே இருந்தாலும், பெட்டி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவரிடமும், அதில் உரிமை உண்டு என்று கருதும் சகோதர சகோதரிகளிடமும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, முடிந்தால் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். சொத்துப் பத்திரங்களும் அதே பெட்டியில் இருக்கும் என்பதால், ஆய்வாளர் வருகிறார் என்றதும் சில வீடுகளில் ஐயம் எழுவது இயல்பு. பத்திரங்களை அவர்களே எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். குடும்பத் தலைவரைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் தாள்களைக் காப்பாற்றி வைத்தவர் பெரும்பாலும் மருமகளாகவோ மணமாகாத அத்தையாகவோ இருப்பார். வீடு மாறியபோது எது தூக்கி எறியப்பட்டது, எது எந்த மகள் வீட்டுக்குப் போனது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது, எதையும் நகர்த்துவதற்கு முன் இருக்கும் நிலையிலேயே படம் எடுப்பது. இதைப் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பெட்டிக்குள் தாள்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையே ஒரு சான்று. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குள் மடித்து வைத்த பணவிடை (மணியார்டர்) துண்டு, அந்தப் படிப்புக்கு யார் பணம் அனுப்பினார் என்பதைச் சொல்லக்கூடும். இரண்டையும் பிரித்துத் தனித்தனிக் கோப்பில் வைத்துவிட்டால் அந்தத் தொடர்பு அழிந்துபோகும். ஆகவே கடிதங்களையெல்லாம் ஒன்றாக, படங்களையெல்லாம் ஒன்றாக என்று வகைபிரிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். கட்டாகக் கட்டப்பட்டிருந்தால் கட்டாகவே எண்ணிட்டு, கட்டுக்குள் இருந்த வரிசையிலேயே வையுங்கள்.

தாளைக் கையாள்வது

கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுத்தமான பருத்தித் துணி விரித்த மேசையில் வேலை செய்யுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளையும் ஜெம் கிளிப்புகளையும் இழுக்காமல் மெல்லத் தளர்த்தி எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது, லேமினேஷன் செய்யவும் கூடாது. இரண்டும் தாளைக் காப்பதாகத் தோன்றி, சில ஆண்டுகளில் மீட்க முடியாதபடி கெடுத்துவிடும். எண்ணிட வேண்டுமானால் மென்மையான பென்சிலால் பின்பக்க மூலையில் சிறிதாக எழுதுங்கள். நம் ஊரின் சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டுக் கூரைக்கோ காங்கிரீட் தளத்துக்கோ கீழேயுள்ள பரண் அனலாய்க் கொதிக்கும். மழைக்காலத்தில் அதே இடம் ஈரம் காக்கும். தாள்களைப் பரணிலிருந்து இறக்கி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் நடுத்தட்டில், அமிலமற்ற தாளுறைகளில் வைப்பதே பெரிய பாதுகாப்பு. கரையான் மண்கோடு தெரிகிறதா, இராமபாணம் ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நாப்தலின் உருண்டைகளைப் படங்களின் மேலோ தாள்களின் மேலோ நேரடியாகப் போடாதீர்கள்.

மருத்துவக் குடும்பங்களின் பெட்டிகளில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களும் நெகட்டிவ்களும் இருக்கும். 1950-களுக்கு முந்திய ஃபிலிம்களில் ஒரு பகுதி நைட்ரேட் வகை. அது எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைப்பது கடினம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் 1929-இல் சேமிப்பறையிலிருந்த நைட்ரேட் எக்ஸ்ரே ஃபிலிம்கள் எரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சிடப்பட்டிருந்தால் அது வேறு வகை. அப்படி எதுவும் இல்லாமல், பிசுபிசுப்பாகவும் பழுப்பாகவும் ஆகியிருந்தால் வெயில்படாத தனி இடத்தில் வைத்துவிட்டு, அறிந்தவரைக் கேட்கும்வரை சுருளை விரிக்காதீர்கள். காடி போன்ற புளித்த நெடி வீசுவது அசிடேட் ஃபிலிம் சிதைகிறது என்பதற்கு அடையாளம். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதைத்தான் நகலெடுக்க வேண்டும்.

நகலெடுக்க ஸ்கேனர் இருந்தால் தாள்களுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), புகைப்படங்களுக்கு 600 டிபிஐ போதும். இல்லையென்றால் சன்னலோர வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியால் எடுக்கலாம். கடித உறையையும், பின்பக்கத்தையும், வெற்றுப் பக்கத்தையும்கூட எடுங்கள். கோப்புப் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள் என்று எழுதினால் (1958-06-14 என்பதுபோல்) கணினி தானாகக் கால வரிசையில் அடுக்கித் தரும். மூன்று நகல்கள் வைத்து, அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நீள நோட்டு போதும். எண், எந்தப் பெட்டியில் எந்த இடத்தில் இருந்தது, என்ன வகைத் தாள், யார் யாருக்கு எழுதியது, தேதி, மொழி, இரண்டு வரிச் சுருக்கம், யார் பார்க்கலாம் என்ற எட்டுப் பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். மொழி என்ற பத்தி நம் மாவட்டத்தில் வீண்போகாது. தமிழ் பேசும் வீட்டிலும் பழைய கணக்குகள் தெலுங்கில் இருக்கலாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வீடுகளில் உருது இருக்கும். அலுவலகத் தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தெரியாத மொழி என்பதற்காக எதையும் ஓரம்கட்டிவிடாதீர்கள்.

எந்தத் தாளில் எதைத் தேடுவது

ஆய்வுக் குறிப்பேடு கிடைத்தால் எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் அது அலுவலகச் சொத்து என்பதால் வீட்டில் அரிதாகவே இருக்கும். வீட்டில் கிடைப்பவற்றிலிருந்து அறிவியலைப் படிக்கத் தெரிவதுதான் இந்த ஆய்வின் கலை.

கல்யாணப் பத்திரிகைகளை நான் முதலிடத்தில் வைப்பேன். தமிழ்நாட்டின் கல்யாணப் பத்திரிகை, மணமக்களின் பட்டங்களையும் பணியையும் மட்டுமல்லாமல், பெற்றோர், தாத்தா பாட்டி, தாய்மாமன் ஆகியோரின் ஊர், பதவி, அலுவலகம் வரை அச்சிட்டுத் தரும் ஆவணம். ஒரே குடும்பத்தின் நாற்பதாண்டுக் காலப் பத்திரிகைகளைக் கால வரிசையில் வைத்துப் பாருங்கள். மணமகனின் பெயருக்குப் பின் எல்.எம்.பி. என்ற அக்கால மருத்துவத் தகுதி வந்த தலைமுறையில் மணமகளின் பெயருக்குப் பின் எதுவும் இல்லாமலிருக்கும். அடுத்த தலைமுறையில் அவள் பெயருக்குப் பின் பி.எஸ்ஸி. வரும், அதற்கடுத்த தலைமுறையில் இருவரும் ஒரே நிறுவனத்தில் பணிபுரிவதாக இருக்கும். ஆய்வகத்தில் உடன் வேலை பார்த்தவர்கள் எப்போது சம்பந்திகளானார்கள், சாதி எல்லைக்குள் திருமணம் நிகழ்ந்தபோதே தொழில் எல்லை எப்படி விரிந்தது, எந்தக் குடும்பங்கள் இப்படிப் பின்னிப் பிணைந்து ஒரு துறையையே தம் கையில் வைத்திருந்தன என்பவற்றை வேறெந்தத் தாளும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற தலைப்பின் கீழ் வரும் பெயர்களையும் விடாமல் பட்டியலில் ஏற்றுங்கள். திருமணத்தில் நண்பர்கள் அச்சிட்டுக் கொடுத்த வாழ்த்து மடல்களில், "ஆய்வகத் தோழர்கள்" என்று ஒப்பமிட்டவர்களின் முழுப் பட்டியலே கிடைத்துவிடலாம். பணி ஓய்வின்போது கண்ணாடிச் சட்டமிட்டுக் கொடுக்கும் பிரிவுபசார மடல்களும் அப்படியே. அவற்றின் புகழுரையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அவர் எந்தக் கருவியைக் கையாண்டார், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற விவரம் மிஞ்சும்.

கடிதங்களை வாசிக்கும்போது, "க்ஷேமம், க்ஷேமத்திற்கு எழுதவும்" என்ற வழக்கமான தொடக்கத்தைத் தாண்டி, நடுவில் ஓரிரு வரியில் வரும் வேலைச் செய்திகளைப் பிடிக்க வேண்டும். "இந்த மாதம் இரவு டியூட்டி, ஆதலால் ஊருக்கு வர இயலாது" என்று ஒரு தந்தை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காவலூரில் வேலை பார்த்தவர் அதை எழுதியிருந்தால் அது வான் தெளிந்த பருவத்தின் குறிப்பு. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததைக் காவலூரிலும் கவனித்தார்கள். அந்தக் கோளுக்கு வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்தது அந்த நிகழ்வின் வழியாகத்தான். அந்த வாரத்தில் எழுதப்பட்ட ஒரு சாதாரணக் குடும்பக் கடிதமும், அதில் வானியல் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டாலும், நிலையத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்குச் சான்றாகும்.

வரவு செலவு நோட்டுகள் வெறும் எண்களாகத் தோன்றும். புத்தகம் வாங்கியது, தேர்வுக் கட்டணம் கட்டியது, நுண்ணோக்கிக்கு முன்பணம் கொடுத்தது, தம்பியின் கல்லூரி விடுதிக்கு அனுப்பியது என்று தேடிப் பாருங்கள். ஒருவர் படிக்க மற்றவர் படிப்பை நிறுத்திய கதை அந்த எண்களில் இருக்கும். தோல் பதனிடும் தொழிலில் இருந்த வீடுகளின் நோட்டுகளில் ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு ஆகியவற்றின் அளவும் ஊற வைத்த நாளும் குறிக்கப்பட்டிருக்கலாம். அதை வெறும் கொள்முதல் கணக்கு என்று ஒதுக்காதீர்கள். அளவை மாற்றி விளைவைக் குறித்து வைத்தவர் பரிசோதனை செய்தவர்தான். 1948-இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தபின் அந்த நோட்டுகளின் மொழியும் அளவைகளும் மாறுகின்றனவா என்று ஒப்பிட்டால் ஒரு நல்ல கட்டுரைக்குப் பொருள் கிடைக்கும்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், நியமன ஆணை, மாறுதல் ஆணை, ஓய்வூதியப் புத்தகம் ஆகியவை பணிவாழ்வின் எலும்புக்கூட்டைத் தரும். புகைப்படங்களில் பின்பக்கத்தின் ஸ்டுடியோ முத்திரையையும், குழுப்படத்தில் யார் நாற்காலியில், யார் பின்வரிசையில், யார் தரையில் என்பதையும் கவனியுங்கள். இராணிப்பேட்டை நிலையம் போன்ற இடங்களின் குழுப்படங்களில் கடைக்கோடியில் நிற்கும் கால்நடைப் பராமரிப்பாளரின் பெயரும் யாருக்காவது நினைவிருக்கும். அதைக் கேட்டு எழுதி வைக்கக் காலம் குறைவாகவே உள்ளது. மாட்டு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பெயர் தெரியாத கைகள் நிறைய இருந்தன.

தேதியில்லாத தாள்கள்

நம் பெரியவர்கள் பலர் தமிழ் ஆண்டிலேயே தேதி எழுதினார்கள். அறுபதாண்டுச் சுழற்சி என்பதால் விபவ ஆண்டு என்று மட்டும் இருந்தால் 1928-29 ஆகவும் இருக்கலாம், 1988-89 ஆகவும் இருக்கலாம். உள்ளடக்கத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். சித்திரையில் ஆண்டு தொடங்குவதால், விபவ ஆண்டுத் தை மாதக் கடிதம் முந்தைய சுழற்சியில் 1928-ஐ அல்ல, 1929-ஐச் சேரும். ஜாதகத்தில் உள்ள பிறந்த நாளும் பள்ளியில் கொடுத்த பிறந்த நாளும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது.

வேறு சில அடையாளங்களும் உதவும். அணா, பைக் கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 'நயா பைசா' என்று அச்சிட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. உறையில் அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'மதராஸ் மாநிலம்' என்று அச்சிட்ட தாள் 1969-க்கு முன் அச்சானது, ஆனால் சிக்கனமான அலுவலகங்கள் பழைய தாளைப் பல ஆண்டு பயன்படுத்தியிருக்கும். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அச்சில் ணை, லை, னை போன்றவை இன்றைய வடிவம் பெற்றன. கையெழுத்தில் மட்டும் முதியவர்கள் பழைய கொம்பையே தொடர்ந்தார்கள், ஆகையால் கையெழுத்துக்கு இந்தச் சோதனை செல்லாது.

பெயர்களும் தலைப்பெழுத்துகளும்

மேலை நாட்டுக் குடும்ப வரலாற்று முறைகள் குடும்பப் பெயரைப் பின்தொடர்ந்து போகச் சொல்கின்றன. நம்மிடம் அது நடக்காது. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகும், சில வீடுகளில் ஊரின் பெயரும் சேரும், பேரனுக்குத் தாத்தாவின் பெயர் வரும், பெண்ணின் தலைப்பெழுத்து திருமணத்துக்குப் பின் மாறும். இராமனின் குடும்பத்தையே எடுத்துக்கொண்டால், சந்திரசேகரன் என்ற தாத்தாவின் பெயரைத் தாங்கிய இரண்டு இயற்பியலாளர்கள் இருந்தார்கள். ஆங்கிலத்தில் இருவருக்கும் தலைப்பெழுத்து ஒன்றே. தமிழில் எழுதினால் ஒருவர் சு. சந்திரசேகர், மற்றவர் சி. சந்திரசேகர். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அவர் வெவ்வேறு தாள்களில் எப்படியெல்லாம் குறிக்கப்படுகிறார் என்று எல்லா வடிவங்களையும் அந்த எண்ணின் கீழ் எழுதுங்கள்: வீட்டுப் பெயர், செல்லப் பெயர், அலுவலகப் பெயர், ஞானஸ்நானப் பெயர். கிறிஸ்தவராக மாறிய குடும்பங்களில் ஒரே தலைமுறையில் இரு பெயர்கள் இருக்கும். குடும்ப மரம் வரையும்போது தாய்வழியையும் தாய்மாமன் வழியையும் தந்தைவழிக்கு இணையாக வரையுங்கள். படிப்பும் வேலையும் அத்தை வீட்டில் தங்கியதாலும், மாமனின் பரிந்துரையாலும் வந்த வீடுகள் ஏராளம். தந்தைவழி மட்டும் வரைந்தால் அறிவியல் அந்த வீட்டுக்குள் நுழைந்த வாசலே படத்தில் இருக்காது.

வீட்டுக்கு வெளியே சரிபார்த்தல்

வீட்டுத் தாளும் வீட்டு நினைவும் தம் குடும்பத்தைப் பெரிதாகவே சொல்லும், அது இயல்பு. "தாத்தாதான் முதல் ஆய்வகத்தைத் தொடங்கினார்" என்று சொல்லப்பட்டால், அதை மறுக்கவும் வேண்டாம், அப்படியே எழுதவும் வேண்டாம், வெளியாவணத்தில் தேடுங்கள். அரசுப் பணியில் இருந்தவர்களின் நியமனமும் மாறுதலும் பழைய புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வரும்; எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் பார்க்கலாம். தமிழ் இதழ்களுக்கும் சிறு வெளியீடுகளுக்கும் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நல்ல இடம். மிஷன் மருத்துவமனைகளோடு தொடர்புடைய குடும்பங்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் உதவும். ஆற்காடு மிஷனின் ஆண்டறிக்கைகளும் கடிதங்களும் அமெரிக்காவில் ரிஃபார்ம்டு திருச்சபையின் ஆவணக் காப்பகத்தில், நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ளன. அயல்நாட்டுக் காப்பகங்களின் பட்டியல்களை இணையத்திலேயே பார்த்து, குறிப்பிட்ட பெட்டியைச் சொல்லி நகல் கேட்டு எழுதலாம்.

மாவட்டத்தின் பெயரும் எல்லையும் மாறிக்கொண்டே வந்ததை நினைவில் வையுங்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன் வட ஆற்காட்டின் தலைநகர் சித்தூராகவே இருந்தது. 1989-இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆகவே காவலூர் பற்றிய பழைய தாள் வட ஆற்காட்டின் பெயரிலும், புதிய தாள் திருப்பத்தூரின் பெயரிலும் இருக்கும். வட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால் அலைச்சல் குறையும்.

பெரியவர்களிடம் பேசுவதைத் தாள்களை ஒருமுறை பார்த்தபின் வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பலமுறை சொல்லிப் பழகிய கதையே வரும். ஒரு படத்தை முன்னால் வைத்து, "பாட்டி, இந்த மேசைமேல் இருக்கிற பெட்டி என்ன, இதை யார் துடைப்பார்கள்?" என்று கேட்டால் புதிய செய்தி வரும். அவர் பேச்சு வழக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாளையும் இடத்தையும் ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். கணவரின் ஆய்வுக்கட்டுரையைத் தட்டச்சு செய்தது, மாதிரிகளை வீட்டுக் கிணற்றுநீரில் கழுவியது, ஆய்வாளர்களுக்குச் சமைத்துப் போட்டது என்று பெண்கள் "அதெல்லாம் ஒரு வேலையா" என்று தள்ளிவிடும் செய்திகளில்தான் குறிப்பாக நில்லுங்கள்.

வெளியிடக் கூடாதவை

மருத்துவக் குடும்பங்களின் பெட்டிகளில் நோயாளிகளின் பெயர், ஊர், நோய், படம் ஆகியவை தவறாமல் இருக்கும். அவை அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமான கதை அல்ல. தொழுநோய் இருந்ததாகத் தெரிந்தால் பேரப்பிள்ளைகளின் திருமணம் வரை பாதிக்கப்பட்ட பகுதி இது. எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும் நோயாளியின் பெயரையும் முகத்தையும் ஊரையும் வெளியிடாதீர்கள். நகலெடுக்கும்போதே அத்தகைய தாள்களைத் தனிக் கோப்பில் வைத்து, பட்டியலில் "பார்வைக்கு அல்ல" என்று குறித்துவிடுங்கள். இதில் சலுகை கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கடிதங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கடிதத்தாள் பெற்றவருடையது, ஆனால் எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும் உரியது. இந்தியச் சட்டப்படி அது பொதுவாக எழுதியவரின் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. முழுக் கடிதத்தை அச்சிடுமுன் எழுதியவரின் பிள்ளைகளைத் தேடிக் கேட்க வேண்டும்.

எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் பட்டியல் எண்ணைக் குறிப்பிடுங்கள். தாளில் உள்ளது எது, பெரியவர் சொன்னது எது, நீங்கள் ஊகிப்பது எது என்று மூன்றையும் வாசகர் பிரித்தறியும்படி எழுதுங்கள். பெட்டியில் எது இல்லை என்பதையும் எழுத வேண்டும். பத்தாண்டுக் கடிதங்கள் இல்லை என்றால் வெள்ளம், வீடு மாற்றம், பாகப்பிரிவினைச் சண்டை என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். மகன்களின் சான்றிதழ்கள் எல்லாம் இருந்து மகளுடையது ஒன்றும் இல்லையென்றால், அவள் படிக்கவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், புகுந்த வீட்டுக்கு எடுத்துச் சென்றாளா என்று விசாரியுங்கள்.

வேலை முடிந்ததும் அசல் தாள்களைப் பழைய வரிசையிலேயே உரியவரிடம் ஒப்படைத்து, பட்டியலின் ஓர் அச்சுப் பிரதியைப் பெட்டிக்குள் மேலாக வைத்துவிடுங்கள். நகல்களின் தொகுதியைக் குடும்பத்தின் ஒவ்வொரு கிளைக்கும் கொடுங்கள். அசலையே பொது இடத்தில் சேர்க்கக் குடும்பம் விரும்பினால், சேர்க்கும் நிறுவனத்திடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்: தொகுதியைப் பிரிக்காமல் ஒன்றாக வைப்பார்களா, மறைக்க வேண்டிய தாள்களை எத்தனை ஆண்டு மூடி வைப்பார்கள், வேலூரிலிருந்து வரும் ஒரு மாணவர் கட்டணமின்றிப் பார்க்க முடியுமா. பதில் கையில் வந்தபின் ஒப்படைப்புக் கடிதத்தில் குடும்பத்தின் எல்லாக் கிளைகளும் கையொப்பமிடட்டும்.